பந்தக்காலா, கால்கோளா?

அன்புள்ள மாப்ள,

நல்லாருக்கியா? தங்கச்சி முட்டிவலி இப்ப தேவலையா? இங்க மக கல்யாண அலைச்சல், உனக்கு ஒரு போன் போடக்கூட நேரமில்ல, ராத்திரி உக்காந்து எழுதுறேன்.

புதன்கிழமை பந்தக்கால் ஊண்டியாச்சு. நம்ம தெருவுல வாசல் வரைக்கும் சிமெண்ட் போட்டுட்டானுகள்ல, குழி தோண்ட கையளவு மண்ணு இல்ல, கடைசில பழைய பெயிண்ட் டப்பாவுல மணல ரொப்பி அதுல கால நட்டோம், மஞ்சத்துணில நவதானியம் முடிஞ்சு மாவிலை கட்டி பால ஊத்துனா டப்பா ஓட்டை வழியா வாசல்ல ஓடுது, அத்தை நல்ல சகுனம்டான்னு சமாளிச்சாங்க.

கூத்து அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. வாட்ஸப்புல சொந்தக்காரங்களுக்குச் சொல்றப்ப கொஞ்சம் பந்தாவா, தொடக்க விழாங்குற அர்த்தத்துல 'கால்கோள் விழா'ன்னு போட்டுத் தொலைச்சேன். பெரிய மச்சான் தமிழ் வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவருல்ல, உடனே போன். "மாப்ள, அது செத்தவனுக்குக் கல்லு எடுக்குற வார்த்தை"ங்குறாரு. தொல்காப்பியத்துல காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல்னு நடுகல்லுக்குத்தான் வருதாம், செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுக்க வடக்க போறதுக்குப் பேரே கால்கோட் காதைதானாம். எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு.

பொறவு நானே பொரட்டிப் பாத்தேன். அதே சிலப்பதிகாரத்துல புகார்ல இந்திர விழாவுக்கு யானைப் பிடரில முரச ஏத்தி அறையுறாங்கல்ல, அங்கயும் 'கால்கோள் விழவு'ன்னுதான் இருக்கு! அப்ப கல்லுக்கும் அதான் திருவிழாவுக்கும் அதான். மச்சான்ட்ட சொன்னா "சரிதான், இருந்தாலும்..."ங்குறாரு. இந்த இருந்தாலுமுக்கு நான் எங்கிட்டுப் போக?

நீ ஒரு போட்டோ காட்டுவியே, 2006ல ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பைல கெடச்ச, தமிழிங்குற பழைய தமிழ் எழுத்து வெட்டுன நடுகல்லு. அதுல 'ஆகோள்'னு வெட்டியிருக்கும், மாடு கவர்ற சண்டை. அந்தக் கோள்தான் இதுலயும், கொள்றது. மச்சானுக்கு இதச் சொல்லல, சொன்னா பாத்தியா செத்தவன் கல்லுதானன்னு ஆரம்பிச்சிருவாரு.

வீட்டுக்காரி ஒரே போடா போட்டா, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கே முகூர்த்தக்கால்னுதான் சொல்றாங்க, உங்களுக்கு எதுக்கு இம்புட்டு ஆராய்ச்சின்னு. பத்திரிகைல அப்படியே மாத்திட்டேன்.

ரெண்டு நா முன்னாடியே வந்துரு, வெஞ்சன லிஸ்ட் போட உன்ன விட்டா ஆளில்ல. பக்கத்து வீட்டுப் பூனை வேற அந்த டப்பாவ விட்டு நகர மாட்டேங்குது.

உன்
மாப்ள