ஐடிலிங்கில் நடுங்கும் ஸ்போர்ட்ஸ் கார்: பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"பிளக்கையும் காயிலையும் மாற்றிவிட்டால் முடிந்தது. அதற்கு எதற்கு ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்திவைக்க வேண்டும்?" பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. (பிளக் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைப்பது, காயில் அதற்கு மின்சாரம் தருவது.) ஓட்டும்போது வண்டி பறக்கிறது. சிக்னலில் நின்றால் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது, இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குகிறது, சில நேரம் இன்ஜின் அணைந்தும் போகிறது. இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஏன் தனியாகக் கூலி வாங்குகிறோம் என்று ஒவ்வொருவருக்கும் நின்றபடியே அரைகுறையாகச் சொல்லி வந்தோம். இந்த முறை உட்கார்ந்து எழுதிவிட்டோம்.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான். அந்த வேகத்தில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. ஏதோ ஒரு ரப்பர் குழாயில் நூலளவு விரிசல் விட்டு, காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிக் கொஞ்சம் காற்று உள்ளே நுழைந்தால், அந்தக் குறைந்த காற்றில் அது பெரிய பங்கு. பெட்ரோல் கலவை கெட்டுவிடுகிறது, இன்ஜின் தடுமாறுகிறது. அதே விரிசல் 3000 சுற்றில் கடலில் கரைத்த பெருங்காயம். ஆகவே, "நெடுஞ்சாலையில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று நீங்கள் சொல்லும்போது நாங்கள் அதை மறுப்பதில்லை, குறித்துக்கொள்கிறோம். அது ஒரு நல்ல துப்பு.

ஆனால் எல்லா நடுக்கமும் கோளாறு அல்ல. ஸ்போர்ட்ஸ் காரில் எங்கள் முதல் சந்தேகம் இன்ஜின் மேல் விழுவதில்லை, முந்தைய உரிமையாளர் மேல்தான் விழுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைப் பந்தயத்துக்கு ஏற்றதாக மாற்றிப் போட்டிருந்தால், உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடிவிடும். மேல் வேகத்தில் அதுதான் பலம், கீழ் வேகத்தில் அதுவே தள்ளாட்டம். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கில் மெத்தென்ற ரப்பரை எடுத்துவிட்டுக் கெட்டியான பாலியூரித்தேன் வைத்திருந்தால், சீராக ஓடும் இன்ஜினின் அதிர்வுகூட இருக்கைவரை வரும். இன்ஜின் சுழற்சியைச் சீராக்கும் ஃப்ளைவீல் எடை குறைந்ததாக இருந்தால் ஐடிலிங் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருக்கும். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகிவிட்டால், அது காற்று அளவு சென்சாரின் கம்பியில் படிந்து கணக்கைக் கெடுக்கலாம். இவற்றில் எது மாற்றப்பட்டது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பது வீண்வேலை. விற்றவரிடம் கேட்க முடிந்தால் கேட்டு வாருங்கள். "ஒன்றுமே மாற்றவில்லை, கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது" என்று அவர் சொன்னாலும் நாங்கள் குனிந்து பார்க்கத்தான் செய்வோம்.

அடுத்தது, வண்டியின் கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர். அமெரிக்கச் சந்தைக் கார்களில் 1996 முதல், வண்டி தன்னைத்தானே சோதித்துக் குறியீடு தரும் ஓ.பி.டி. 2 முறை கட்டாயமானது. பிற நாடுகளிலும் பின்னர் அதேபோன்ற முறைகள் வந்தன. பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது, மாறி மாறி வருகிறது. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. இதோடு நின்றுவிடுகிற பட்டறைகள்தான் உங்களிடம் பிளக்கும் காயிலும் விற்கின்றன. குறியீடு நமக்குத் தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினால், மிஸ்ஃபயரும் கூடவே போகிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். புதிய உதிரிபாகம் எதுவும் தேவையில்லை. போனால் காயில் கெட்டது. போகாவிட்டால் பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தமான கம்ப்ரஷன் என்று தேடல் வேறு பக்கம் திரும்பும்.

நாங்கள் குறியீட்டைவிட அதிக நேரம் பார்ப்பது ஃபியூயல் ட்ரிம் என்கிற எண்ணை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைப் பிடிக்க, கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதை இது சதவீதத்தில் காட்டும். ஐடிலிங்கில் கூட்டல் 20 சதவீதத்தைத் தொட்டு, 2500 சுற்றில் பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ காற்று கசிகிறது. தலைகீழாக, வேகம் ஏற ஏறக் கூட்டலும் ஏறினால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ காற்று அளவு சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை உதிரிபாகங்கள் அநியாயமாக மாற்றப்பட்டிருக்கின்றன என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்களிடம் வந்த இரண்டு இருக்கை வண்டி ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறொரு இடத்தில் பிளக், காயில் எல்லாம் புதிதாக மாற்றி, த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்திருந்தார்கள். நடுக்கம் மட்டும் போகவில்லை. எங்களிடம் இரண்டு நாள் நின்றபோது வண்டி சாதுவாக இருந்தது. மூன்றாம் நாள் உரிமையாளர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்: "பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால்தான் ரொம்பத் திணறுகிறது." அதை முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டும், தவறு எங்களுடையது. டாங்க்கில் சேரும் பெட்ரோல் ஆவியைக் கரிப்பெட்டியில் பிடித்துவைத்து, சரியான நேரத்தில் மட்டும் இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு என்று ஒன்று உண்டு. அது திறந்தபடியே சிக்கியிருந்தது. டாங்க் நிறைந்ததும் ஆவி தாராளமாக உள்ளே போனது. அந்தக் குழாயை விரலால் அடைத்ததும் ஆர்.பி.எம். முள் ஆடாமல் நின்றது. கையடக்கமான ஒரு வால்வு! அன்றிலிருந்து வண்டி எப்போது நடுங்குகிறது என்பதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் பானட்டைத் திறக்கிறோம்.

காற்றுக் கசிவைத் தேட, குழாய்களின் மேல் கார்ப்பரேட்டர் க்ளீனரை அடித்து இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று கேட்கும் பழைய முறை ஒன்று உண்டு. சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பதில் எங்களுக்கு விருப்பம் இல்லை. நீங்களும் வீட்டில் முயல வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டுப் புகை இயந்திரத்தால் மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினால், கசியும் இடத்தில் அதுவே வெளியே எட்டிப் பார்க்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவை அளக்கும் வேக்யூம் மீட்டரையும் இன்னும் கைவிடவில்லை. நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் துள்ளினால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்வதால், உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகைக் கழுவ ஆளில்லை. எண்ணெய் ஆவி படிந்து கரி ஏறுகிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் நடுக்கம் அதிகமாக இருந்து, சூடானதும் குறைந்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் ஊற்றும் எந்த மருந்தும் அந்த முதுகைத் தொடாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் கொட்டையின் ஓட்டுப் பொடியை அழுத்தக் காற்றில் அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால் கம்ப்ரஷன் சோதனை. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள் இருப்பதால், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். சாதாரண மீட்டர் அதிகபட்சத்தை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும்.

கூலி விஷயம். தேடலுக்கு ஒரு தொகையை வேலை தொடங்கும் முன்பே சொல்வோம். கோளாறு ஐந்து நிமிடத்தில் கிடைத்தாலும், சரிசெய்ய வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அந்தத் தொகை உண்டு. கண்டுபிடித்ததை எழுத்தில் தருவோம், அதை எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோகலாம். எங்கள் கணிப்பு தவறி நடுக்கம் திரும்பினால், மறுபடி தேடுவதற்குக் காசு கேட்க மாட்டோம்.

வரும் முன் சில வேண்டுகோள்கள். இன்ஜின் விளக்கு எரிந்தால் குறியீட்டை அழித்துவிட்டு வராதீர்கள், பாட்டரி ஒயரையும் கழற்றாதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்துக் குறித்து வைத்திருப்பதெல்லாம் போய்விடும். சில வண்டிகளில் ஐடிலிங்கைச் சீராக வைக்கக் கம்ப்யூட்டர் கற்றுவைத்த கணக்கும் அழிந்து நடுக்கம் இன்னும் கூடும். அதைவிட முக்கியம், முடிந்தால் வண்டியை முந்தைய நாள் மாலையே எங்களிடம் விட்டுவிடுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினின் முதல் ஸ்டார்ட்டை நாங்களே கேட்க வேண்டும். சாவியோடு ஒரு துண்டுச் சீட்டில் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்: எப்போது நடுங்குகிறது, ஏ.சி. போட்டால் மாறுகிறதா, கடைசியாகப் பெட்ரோல் போட்டது எப்போது.

அன்புடன்,
பட்டறையில் உள்ள அனைவரும்