கண்டாங்கியை நெய்பவருக்கும் குறியீடு வேண்டும்

ஆசிரியருக்கு,

ஒரு பொருள் இன்ன ஊருக்கே உரியது என்று சட்டப்படி தரப்படும் அடையாளமான புவிசார் குறியீடு குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். கைத்தறியில் நெய்யும் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. சரி, அதனால் நெசவாளருக்கு என்ன கிடைத்தது? 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொண்டவரே குறியீட்டைத் தம் சரக்கில் பயன்படுத்த முடியும். அந்த விண்ணப்பக் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக 2020-இல் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் எனக்குத் தெரிந்த கைத்தறி நெசவாளர்கள் பலர் இன்னும் பதியவில்லை. படிவத்தைப் பார்த்ததுமே தயங்குகிறார்கள். இதற்கிடையே அரக்குக் கட்டமும் அகலக் கரையும் போட்ட விசைத்தறிச் சேலைகள் எங்கள் கடைவீதியில் ‘கண்டாங்கி’ என்றே விலைபோவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

கைத்தறித் துறையினர் நெசவாளர் வீடுகளுக்கே வந்து படிவத்தை நிரப்பி, பதிவை முடித்துக் கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி