கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் "ம்ம், நல்லா இருக்கேம்ப்பா" என்பாய். அதனால் கேட்கவில்லை.

புதன்கிழமை நான் அனுப்பிய படம் மாடிவீட்டுப் பையனுடைய ஜீப்ரா ஃபிஞ்ச் குருவி. கடையில் ஜோடியாக வாங்கினான், மண்கலயத்தில் குஞ்சு பொரித்திருக்கிறது. நீ பார்த்துவிட்டாய், நீலக் குறி உடனே விழுந்தது. இங்கே பன்னிரண்டரை, இலை போட்டுக்கொண்டிருந்தோம். நியூயார்க்கில் அப்போது விடியற்காலை மூன்று. பதில் போடாதது பரவாயில்லை. அந்நேரத்துக்கு ஏன் விழித்திருந்தாள் என்றுதான் அம்மா கேட்கிறாள். நேரத்துக்குத் தூங்கும்மா.

ஒரு குஞ்சுக்கு அலகு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. கம்பியோரம் உட்கார்ந்து, அலகைத் திறந்தும் திறக்காமலும் எதையோ முணுமுணுக்கிறது. தொண்டை மட்டும் துடிக்கிறது. நீ அங்கே போன முதல் வருஷம் போனில் சொன்னதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். ஆண்குஞ்சு அப்பன் பாட்டைக் கேட்டு உள்ளே வாங்கிக்கொண்டு, இப்படி உளறி உளறிப் பழகி, ஏறக்குறைய 90 நாளில் ஒரு பாட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆயுசுக்கும் அதுதான். அந்த உளறல் அத்தனையையும் பதிவு செய்து, கணினி துணுக்குத் துணுக்காக வெட்டி, நீளம், சுருதி, கரகரப்பு எல்லாம் அளந்து புள்ளி வைக்கும் என்றாய். சிதறிக் கிடந்த புள்ளிகள் நாளாக நாளாகத் திட்டுத் திட்டாகக் கூடுகிற அந்தப் படத்தை பாங்க் சிநேகிதர்கள் எல்லாருக்கும் காட்டினேன். ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதில் எனக்குக் கர்வம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

2005-ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்ததை நீதான் சொன்னாய். தூங்கி எழுந்ததும் குஞ்சின் பாட்டு முந்தின நாளைவிடக் குலைந்திருக்கும், பிறகு பாடிப் பாடித் தேறும். காலையில் அதிகம் குலைகிற குஞ்சுதான் கடைசியில் பாட்டை நன்றாகப் பிடிக்கிறது. காதால் மட்டும் கேட்டிருந்தால் இது யாருக்குத் தட்டுப்பட்டிருக்கும்? இவ்வளவும் தெரிந்தவள் ராத்திரி மூன்று மணிக்கு முழித்திருந்தால் நான் என்ன சொல்ல. தூங்கு.

மோட்டார் சரியாகிவிட்டது. பெரியத்தை வீட்டு விசேஷத்துக்கு நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒன்றும் நினைக்கவில்லை என்கிறாள். நினைக்கிறாள். மதுரை விஷயத்தை இங்கே யாரும் எடுப்பதில்லை, நீயும் அதை மனதில் வைத்துக்கொண்டிருக்காதே.

கேட்க நினைத்தது வேறு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2019-ல் கண்டுபிடித்ததாகச் சொன்னாயே, அந்தப் பெண் ஃபிஞ்ச் சமாசாரம். பெண் பாடாது. ஆனால் குஞ்சு பாடும்போது சட்டென்று இறகைச் சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பை வீடியோவில் எடுத்து, குஞ்சு பாடுகிற சமயம் பார்த்துக் காட்டினார்கள். அந்தக் குஞ்சுகள் பாட்டை நன்றாகக் கற்றன. அதே வீடியோவைச் சம்பந்தமில்லாத நேரத்தில் பார்த்தவை அந்த அளவுக்குத் தேறவில்லை. மைக்கை மட்டும் நம்பியிருந்தால் இது அகப்பட்டிருக்குமா, சொல்.

அம்மா போனில் பேசுவதே இல்லை என்று குறைப்பட்டாய். நான் ஸ்பீக்கரில் போட்டதும் அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நிற்பாள். நீ சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவாள். போன தடவை நீ இருமியபோது என் தோளை இடித்து, "கேளுங்க, கேளுங்க" என்று கையால் ஜாடை காட்டினாள். நான் கேட்பதற்குள் நீ வைத்துவிட்டாய். சித்திரையிலிருந்து நீ கேமரா போடுவதில்லை. நெட் சரியில்லை என்கிறாய். இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை எட்டு மணி, எங்களுக்கு மாலை ஐந்தரை. கேமராவைப் போடு. மெலிந்திருந்தாலும் சரி, முடியை வெட்டிக்கொண்டிருந்தாலும் சரி, பக்கத்தில் வேறு யாராவது இருந்தாலும் சரி, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அம்மாவுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், கொடுத்தனுப்புகிறோம். விலாசம் பழையதுதானே?