பேட் மாற்றியது போதும், வீல் ஸ்பீடு சென்சாரைக் கழற்றிப் பாருங்கள்: பிக்கப் வண்டியின் பிரேக் சத்தம் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

பொருள்: பிரேக் போடும்போது வரும் அரைக்கும் சத்தம், தவறான பழுது கண்டறிதல், தேவையில்லாமல் மாற்றப்பட்ட பாகங்களுக்கான பணத்தைத் திருப்பித் தருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பிக்கப் வண்டி நிற்கப் போகும் நேரத்தில், வேகம் மணிக்கு 15 கி.மீ.க்குக் கீழே இறங்கியதும், முன்பக்கத்திலிருந்து ‘குர்ர்ர்’ என்று அரைக்கிற சத்தம் வருகிறது. அதே நொடியில் பெடல் காலுக்கடியில் துடிக்கிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி உருண்டுதான் வண்டி நிற்கிறது. ஈரமில்லாத நல்ல சாலையில், பெடலை லேசாக மிதித்தாலே இப்படி. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. இதை அப்படியே ஜாப் கார்டில் எழுதுங்கள் என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் எழுதியது ‘பிரேக் சத்தம்’, அவ்வளவுதான்.

வண்டியைச் செய்தவர்கள் நீங்கள். அதன் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு காலம் பொறுத்திருந்தேன். முதலில் முன்பக்க பேட் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. டிஸ்க்கைக் கடைந்தார்கள், போகவில்லை. கடைந்த டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது டிஸ்க் போட்டார்கள். பிறகு பின்பக்க டிரம்மைத் திறந்து ஷூ மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பில், தனி கூலி. சத்தம் இம்மிகூட மாறவில்லை.

இதில் எதையும் மன்னிக்கலாம், அந்த டெஸ்ட் டிரைவை மட்டும் மன்னிக்க முடியவில்லை. மூத்த டெக்னீஷியன் வருகிறார், காலையிலேயே வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்று நீங்கள்தான் அழைத்தீர்கள். மாலை வரை வண்டி வாசலில் நின்றது. கடைசியில் அவர் நெடுஞ்சாலைக்கு ஓட்டிப்போய், 60 கி.மீ. வேகத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டுத் திரும்பினார். ஜாப் கார்டில் ‘சத்தம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 15 கி.மீ.க்குக் கீழே, லேசான மிதியில் வரும் சத்தத்தை 60 கி.மீ. வேகத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்? சர்வீஸ் சென்டர் வாசலிலேயே மெதுவாக உருட்டி நிறுத்தியிருந்தால் முதல் மிதியிலேயே கேட்டிருக்கும். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், நானே காட்டுகிறேன் என்று கேட்டதற்கு, கவுன்டரில் இருந்த மேற்பார்வையாளர் சொன்ன பதிலை அவர் வாய்ச்சொல்லாகவே தருகிறேன்: “லோடு வண்டின்னா சத்தம் வரத்தான் சார் செய்யும். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்குங்க.”

ரேடியோவைக் கூட்டினால் பிரேக் பிடித்துவிடுமா? என் புகார் வெறும் சத்தத்தைப் பற்றியது அல்ல. அந்தச் சத்தம் வரும் ஒவ்வொரு முறையும் முன் சக்கரத்தில் பிரேக் அழுத்தம் விடுபடுகிறது. முன்னால் ஓர் ஆளோ சுவரோ இருக்கும் கடைசி சில அடிகளில் விடுபடுகிறது.

பிரேக் சத்தங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பது பட்டறையில் முதல் வருடம் வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும். பேட் தேய்ந்து சுமார் 2 மி.மீ. ஆனதும் அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசிக் ‘கீச்’ என்று கத்தும். லைனிங் முழுக்கப் போய் இரும்போடு இரும்பு உரசினால் கரகரப்பு எந்த வேகத்திலும் கேட்கும், 15 கி.மீ. வரும்வரை காத்திருக்காது. பேரிங் போயிருந்தால் பிரேக்கைத் தொடாமலே வேகத்தோடு சேர்ந்து ஊளையிடும், வளைவில் சத்தம் மாறும். வண்டி நின்ற பிறகு ஒரே ஒரு ‘டக்’ வந்தால் பின் அச்சைச் சுழற்றும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நழுவும் இணைப்பான ஸ்லிப் யோக்கில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், பின் ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். இங்கே வருவது இவற்றில் எதுவுமில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது, பெடல் துடிப்போடு வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏபிஎஸ் பம்பை. பேட் அதற்குப் பிறகுதான்.

உறுதி செய்ய ஸ்கேனர்கூட வேண்டாம். வெறும் தரையில் மெதுவாக உருட்டி, பெடலைத் தொடாமல், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் அது பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். சத்தமில்லை. அப்படியானால் ஷூ மாற்றியது எதற்கு? அடுத்து ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு, அதே வேகத்தில் பெடலை மிதித்தால் சத்தமும் இல்லை, துடிப்பும் இல்லை, வண்டி நேராக நிற்கிறது. ஃபியூஸைத் திரும்பப் போட்டால் சத்தம் வந்துவிடுகிறது. ஃபியூஸ் இல்லாதபோது சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் காலி பிக்கப்பில் பின்பக்கம் எடை குறைவு என்பதால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால் இதைக் காய்ந்த தரையில், மிகக் குறைந்த வேகத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. உங்கள் ஆட்கள் ஒருமுறைகூடச் செய்யவில்லை.

காரணமும் உங்களுக்குத் தெரிந்ததே. சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்வது வீல் ஸ்பீடு சென்சார். இந்த வண்டியின் முன் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், இருப்பது காந்தமும் சுருளும் கொண்ட பழைய வகை. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையமான டோன் ரிங்கின் பற்கள் அதன் முன்னால் ஓடும்போது மாறுதிசை மின்னழுத்தம் உண்டாகிறது. வேகம் குறைந்தால் அது குறையும், சென்சாருக்கும் பற்களுக்கும் உள்ள இடைவெளி கூடினாலும் குறையும். சென்சார் உட்காரும் ஹப் பரப்பில் துரு பொருமினால் சென்சார் மேலே தூக்கிக்கொள்ளும். சுமார் 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டிய இடைவெளி துருவின் தடிப்பு அளவுக்குக் கூடிவிடும். ஓடும் வேகத்தில் சிக்னல் போதுமான அளவு வருகிறது. நிற்கப் போகும்போது மற்ற மூன்று சக்கரமும் இன்னும் 10 கி.மீ. காட்டுகையில் இந்த ஒன்று மட்டும் திடீரென்று பூஜ்யம் ஆகிறது. சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்து கன்ட்ரோல் யூனிட் அழுத்தத்தை விடுகிறது, பம்ப் ஓடுகிறது, அதுதான் அந்தக் ‘குர்ர்ர்’. ஒயர் அறுபடவில்லை, ஷார்ட் ஆகவில்லை. அதனால் கோளாறுக் குறியீடு பதிவாகவில்லை, விளக்கும் எரியவில்லை.

‘சென்சார் நல்லாத்தான் இருக்கு, ஓம்ஸ் பார்த்தாச்சு’ என்று ஒருவர் போனில் சொன்னார். சுருளின் மின்தடை சரியாகத்தான் இருக்கும், சுருளில் கோளாறே இல்லையே! பார்க்க வேண்டியது சென்சார் தரும் அந்த மாறுதிசை (ஏசி) மின்னழுத்தம். சக்கரத்தைத் தூக்கி, நொடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் கையால் சுற்றி, இடது வலது இரண்டையும் ஒப்பிட்டால் போதும். அதைவிட எளிது, நான்கு சக்கர வேகத்தையும் ஸ்கேனரில் வரைபடமாக வைத்து, வண்டியை மெதுவாக நிறுத்துவது. எந்தக் கோடு முதலில் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அந்த ஸ்கேனர் உங்கள் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, அதை வைத்துக் குறியீடு இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

செய்ய வேண்டிய வேலை என்ன? சென்சாரின் போல்ட்டை எடுத்து, திருகிப் பிடுங்காமல் நேராகக் கழற்றி, ஹப் பரப்பிலுள்ள துருவைப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுப்பு மெல்லிசாகப் பூசுவது. காந்த முனையில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைப்பது. டோன் ரிங்கில் விரிசலோ உடைந்த பல்லோ இருக்கிறதா, ஹப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆட்டம் இருந்தால் இடைவெளி திரும்பவும் மாறும். இவ்வளவுக்கும் ஒரு ஜோடி டிஸ்க் தேவையே இல்லை.

கோபத்தில் விட்டுப்போன ஒன்று உண்டு. உங்கள் வேலைக்குப் பிறகு இரண்டாவது சத்தம் ஒன்று சேர்ந்திருக்கிறது. முன்னால் போய் ரிவர்ஸ் எடுத்து முதல் மிதி மிதிக்கும்போது ‘டக்’, மறுபடி முன்னால் போகும்போது ‘டக்’. புது பேட்டுக்குப் பழைய கிளிப்பையே போட்டிருக்கிறார்கள், அதிலும் ஒரு பக்கம் கிளிப்பே இல்லை. பேட்டைத் தாங்கும் கேலிப்பர் பிராக்கெட்டுக்குள் அது இங்குமங்கும் நகர்கிறது. ஸ்லைடு பின்னில் கிரீஸ் இல்லை. ஹப் முகத்தின் துருவைத் துடைக்காமல் அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டி, ஏர் கன்னால் நட்டை இறுக்கினார்கள், கண்ணெதிரே பார்த்தேன். சுற்றும்போது டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் பொதுவாக 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஹப்பில் ஒரு துருச் செதில் இருந்தாலே விளிம்பில் அது தாண்டிவிடும், நாளடைவில் டிஸ்க் சமமில்லாமல் தேய்ந்து பெடல் அதிரும். நல்ல டிஸ்க்கை எடுத்துப்போட்டுவிட்டு, கெடப்போகும் டிஸ்க்கை மாட்டிக் காசு வாங்கியிருக்கிறீர்கள். வண்டி ஓடினால்தான் எங்களுக்கு வருமானம். இந்த அலட்சியத்தால் தொழிலே படுத்துவிட்டது, பிடித்து வைத்திருந்த வாடிக்கைகள் எல்லாம் கைவிட்டுப் போயின.

தயவுசெய்து பின்வருவனவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் முன்னிலையில் நான்கு சக்கர வேகப் பதிவு எடுத்து அதன் நகலைத் தாருங்கள். சென்சார் இருக்கையைச் சுத்தம் செய்யுங்கள், அதற்குப் பிறகும் கோடு விழுந்தால் சென்சாரையோ ஹப்பையோ மாற்றுங்கள். புதிய கிளிப்புகள் போடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைச் சுத்தம் செய்து, டயல் கேஜில் வந்த டிஸ்க் ஆட்டத்தின் அளவை ஜாப் கார்டில் எண்ணாகவே எழுதுங்கள், ‘ஓகே’ என்று எழுதினால் ஏற்கமாட்டேன். தேவையில்லாமல் மாற்றிய பேட், டிஸ்க், ஷூ மூன்றுக்கும், கூலி உட்பட, பணத்தைத் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கொடுங்கள். அந்தப் பழைய டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்க்கிறேன்.

அந்த மேற்பார்வையாளர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் மரியாதை வைத்திருப்பதால்தான் இதை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வேன். வாகனப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் இதைப் பாதுகாப்புக் குறைபாடாகவே பதிவு செய்வேன். எல்லா ஜாப் கார்டுகளும், ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று பழுது தீராமலே நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளும், ஃபியூஸ் இருக்கும்போதும் எடுத்தபோதும் பதிவு செய்த ஒலிப்பதிவுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வண்டியை எடுத்துவர வேண்டிய நாளைத் தெரிவியுங்கள். அன்று டெஸ்ட் டிரைவுக்கு நான் உடன் வருவேன், 20 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு மற்றும் பில் நகல்கள், குறுஞ்செய்தி நகல்கள், ஒலிப்பதிவுகள்