சண்முகத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முட்டிவலி குறைந்து கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார்கள் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

ரிட்டயர் ஆன பிறகு அந்த விலங்கு மீட்பு மையத்தில் போய் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் கூண்டு கழுவுகிறேன், பப்பாளி நறுக்குகிறேன். மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டு வரும் பருந்துக்குத் தையல் போடுவதெல்லாம் டாக்டர் வேலை. எனக்குப் பிடித்தது அணில் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான்.

போன மழையில் மரம் சாய்ந்து, கண் திறக்காத குட்டிகளை ஒரு காவலாளி தன் தொப்பியில் வைத்து எடுத்து வந்தார். வந்ததும் "பால் கொடுக்கலாமா சார்?" என்றார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் உடம்பில் சூடு ஏற வேண்டும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக் காத்திருப்போம். அப்புறம்தான் ஊசி கழற்றிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுப்போம். அதுவும் பசும்பால் ஆகாது, நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடர். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். குடித்து முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவ வேண்டும். அப்போதுதான் மூத்திரம் போகும். தாய் அணில் நக்கிக்கொடுத்துச் செய்கிற வேலை அது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்கு யாரோ கிளி வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

வனத்துறை பறிமுதல் செய்த கிளிகள் இங்கே வரும். சிறகை விரித்துப் பார்த்தால் பெரிய இறகுகளைக் கத்தரியால் நேராக வெட்டியிருப்பார்கள். வெட்டிய இறகு வளராது. அடிக்கட்டை தானாக உதிர்ந்து புதிது முளைக்கப் பல மாதம் ஆகும். முளைத்தாலும் உடனே பறக்கத் தெம்பு இருக்காது. நீளக் கூண்டில் ஒரு கம்பிலிருந்து இன்னொரு கம்புக்குத் தாவித் தாவிப் பழக வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் அதன் முன்னால் பேசுவதே இல்லை. மனிதக் குரல் கேட்டதும் தோளைத் தேடி வருகிற கிளியை எப்படி வெளியே விடுவது? சில கிளிகள் கடைசிவரை கூண்டிலேயே இருந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். கிளி ஜோசியம் பார்த்து வளர்ந்த நமக்கு அது உறைப்பதில்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கொடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. பொந்திலிருந்து குஞ்சாகவே பிடித்து வந்ததாக இருக்கும் அது. இன்னும் சின்னதுதான் என்கிறாய். இப்போதே கொடுத்தால் பறக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும் செய்யாதே: மொட்டைமாடியில் நின்று கூண்டைத் திறந்துவிடாதே. பறக்கத் தெரியாததைக் காக்கையும் பூனையும் விட்டுவைக்காது. வனத்துறை அலுவலகத்துக்கு நீயே கொண்டுபோய் ஒப்படைத்துவிடு. பேத்தியையும் கூட்டிக்கொண்டு போ. அழுவாள்தான். அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போவதைவிட அது மேல்.

கொடுத்த பிறகு எனக்கு ஒரு வரி எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
ராமநாதன்