எதுக்காக வந்திருக்கீங்க?

ராமேஸ்வரம்,
புதன் இரவு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சௌக்கியம். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப்பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ஊருக்குள் வருகிறது. லாட்ஜில் விடிகாலைக் கூட்டம் தாங்கவில்லை.

பழனியில் உன் லாட்ஜில் ஏசி, டிவி எல்லாம் போட்டும் வருகிறவர்கள் குறைப்பட்டுக்கொண்டே போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். போன மாசம் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். அறை எதுவும் காலியில்லை. கவுண்டரில் இருந்த பையன், "பன்னெண்டு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டான். அவர் சத்தம் போட ஆரம்பித்தார். எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு துணிப்பையை மார்போடு அணைத்திருந்தார், கீழே வைக்கவே இல்லை. "யாருக்குங்கய்யா?" என்று கேட்டேன். "வீட்டம்மாவுக்கு" என்றார். அவ்வளவுதான், குரல் இறங்கிவிட்டது. நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டு, "இதுல வைங்க" என்றேன்.

அவர் அறைக்காகச் சண்டை போடவில்லை, முருகேசா. அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும், 22 தீர்த்தமும் ஆட வேண்டும். ஈரத் துணியோடு சாமி பார்க்க முடியாதே, மாற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பின்கட்டுக் குளியலறையைத் திறந்துவிட்டேன். இப்போது அங்கே நிரந்தரமாகக் கொடிக்கயிறு கட்டிவிட்டோம்.

இன்னொன்று, "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்லவே கூடாது. "ஒம்பது மணிக்கு மேல்மாடி ரூம் காலியாகுது, கழுவ அரை மணி ஆகும்" என்று சொல். எவ்வளவு நேரம், ஏன் என்று தெரியாத காத்திருப்புதான் நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-லேயே எழுதியிருக்கிறாராம். ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கும் என் மகள் சொன்னாள். கவுண்டரில் தினமும் பார்க்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.

உன் ஊருக்குத் தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவன் கால் கொப்புளத்தோடு வந்து நிற்பான். வாசலிலேயே ஓர் அண்டா வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வை. டிவி ரிமோட்டை அப்புறம் தேடிக் கொடுக்கலாம். வெந்நீர் கொடுக்கவும், பெஞ்சில் படுக்கவிடவும் உன்னைக் கேட்கத் தேவையில்லை என்று பையன்களிடம் சொல்லிவிடு. ஒவ்வொன்றுக்கும் முதலாளியைக் கேட்டு நிற்கிறவனுக்கு வருகிறவர் முகத்தைப் பார்க்கத் தோன்றாது.

ஆடி அமாவாசைக் கூட்டம் ஓய்ந்ததும் அம்மாவை அழைத்து வா. கீழ்த்தள அறை, படி ஏற வேண்டாம்.

அன்புடன்,
சேகர்