மேலே இருப்பது சோடா ஆஷ், உள்ளே இருப்பது காரம்: கரி சோப்பு பற்றி ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் நான்கு வருட வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கைவினை சோப்பு நிறுவனம், பெங்களூரு.

பொருள்: நவராத்திரித் தாம்பூலத்துக்கு வாங்கிய 40 கரி சோப்புகளில் எண்ணெயோடு சேராத காரம் (காஸ்டிக் சோடா) தேங்கியிருப்பதும், அதைச் சோடா ஆஷ் (சோப்பின் மேல் படரும் கெடுதல் இல்லாத வெண்படிவு) என்று சொல்லி நீங்கள் அனுப்பிய பதில்களும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நீங்கள் தமிழிலேயே பதில் எழுதுகிறவர்கள் என்பதால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க உங்களிடம் 40 கரி சோப்பு வாங்கினேன். ஒன்று 180 ரூபாய், மொத்தம் 7,200 ரூபாய். முதல் மூன்று நாளில் 29 பேருக்குக் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் காலையில் மாடி வீட்டு அம்மா சோப்பை எடுத்துக்கொண்டு கீழே வந்து, "பூஷ்டு ஹிடிதிதே" என்றார். பூஞ்சை பிடித்திருக்கிறதாம். அது பூஞ்சை இல்லை, சோடா ஆஷ், துடைத்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று நானே அவருக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே ஃபிரேசர் டவுனில் இருக்கும் என் பெரியம்மா போன் செய்தார். இரண்டு நாள் அந்தச் சோப்பில் கை கழுவியதில் விரல் இடுக்கெல்லாம் சிவந்து எரிகிறது என்றார். மாடி வீட்டு அம்மாவிடம் அப்படிச் சொல்லி அனுப்பியது அப்போதிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சோடா ஆஷைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை நான். சொல்லப்போனால் அதற்காகத்தான் உங்கள் வாடிக்கையாளர் ஆனேன். ஜெயநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உங்கள் கரி சோப்பை முதலில் பார்த்தபோது, கருங்கல் லிங்கத்தில் பூசிய திருநீறு காய்ந்து நிற்பதுபோல மேலே மெல்லிய வெண்மை படர்ந்திருந்தது. இலை அச்சு பதித்த சோப்பு இன்னும் அழகு. பித்தளைக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்தால் வேலைப்பாட்டின் இடுக்குகளில் மட்டும் வெள்ளை தங்குமே, அதுபோல இலை நரம்புகளில் ஆஷ் தங்கி, ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. எந்தச் சாயம் போட்டாலும் அந்த அழகு வராது. ஒரு சோப்பில் வந்த கோலம் இன்னொன்றில் வராது. பல சோப்புக்காரர்கள் அதை நீராவி காட்டியோ ஈரத்துணியால் துடைத்தோ கத்தியால் சீவியோ எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் எடுக்காமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

நானும் கொஞ்ச காலம் வீட்டில் சோப்பு செய்தவள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அது உடனே முழுவதும் சோப்பாகிவிடாது. அடுப்பில் வேகவைக்காமல் செய்கிற கோல்ட் ப்ராசஸில் அச்சில் ஊற்றிய பிறகும் ஒன்றிரண்டு நாள் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மேல்பரப்பில் இன்னும் எண்ணெயோடு சேராத காரம் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிறது. நம் வீட்டில் சலவைச் சோடா என்போமே, அதேதான். தண்ணீர் அதிகமாக விட்டாலும், அடித்த சோப்பு மாவு கெட்டிப்படும் முன் நீர்த்த பதத்திலேயே ஊற்றினாலும், கட்டி சூடேறி ஜெல் நிலைக்குப் போகாமல் குளிர்ந்துவிட்டாலும், அச்சை மூடாமல் வைத்தாலும் ஆஷ் கூடுதலாக வரும். மூடி வைத்தாலோ, ஊற்றியவுடன் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தெளித்தாலோ, போர்வை சுற்றிச் சூட்டைக் காத்தாலோ குறையும். தோலைக் கொஞ்சம் வறளச் செய்யலாம் என்பதைத் தவிர அதனால் கெடுதல் இல்லை. இரண்டு மூன்று தடவை கை கழுவினால் போய்விடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஆஷ் உண்டாகக் காற்று வேண்டும். அதனால் காற்றுப் பட்ட பரப்பில்தான் அது வரும். அச்சின் அடியிலும் பக்கங்களிலும் ஒட்டியிருந்த இடங்களில்கூட வெளியே எடுக்கும்வரை அனேகமாக வராது. சோப்பின் நடு வயிற்றில் வர வழியே இல்லை.

மீதி இருந்த 11 சோப்பில் நான்கைக் கத்தியால் வெட்டிப் பார்த்தேன். மூன்றில், நடுவே மிளகு அளவிலும் பட்டாணி அளவிலும் வெள்ளைப் பொட்டுகள். இரண்டில் அந்தப் பொட்டுக்குள்ளிருந்து வியர்வைபோல நீர் கசிந்தது. ஷியா வெண்ணெய் போன்ற கொழுப்பு உறைந்தாலும் வெள்ளைப் புள்ளி வரும் என்பதால் அவசரப்படவில்லை. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதால் முதலில் அதை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் எந்த நல்ல சோப்பும் மஞ்சளைச் சிவக்க வைக்கும், அதனால் அந்தச் சோதனை இதற்குச் செல்லாது. சோப்பு செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஈர விரலால் லேசாகத் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். மேலே இருந்த ஆஷ் உப்புக் கரிப்போடு சோப்புச் சுவை, அவ்வளவுதான். நடுப்பொட்டைத் தொட்டு வைத்தபோது பேட்டரி முனையை நக்கினால் சுரீர் என்று இழுக்குமே, அப்படி இழுத்தது. நாக்கு அன்று இரவு வரை மரத்துக் கிடந்தது. கொழுப்பு அப்படிச் செய்யாது. அது எண்ணெயோடு சேராத காஸ்டிக் சோடா.

எப்படி நேர்ந்திருக்கும் என்று என் ஊகத்தையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். பெங்களூரில் மழைக்கால ராத்திரிகளில் அதைவிடக் குளிர்ச்சிதான். எண்ணெய் ஆறிய பிறகு காரம் சேர்த்து அடித்தால், கொழுப்பு உறைவதாலேயே மாவு கெட்டியாகி, பதம் வந்துவிட்டது போலக் காட்டும். பார்வைக்குத்தான் அது பதம், உள்ளே எதுவும் சேர்ந்திருக்காது. அதை நம்பி ஊற்றினால் ஒரு இடத்தில் காரமும் இன்னொரு இடத்தில் எண்ணெயும் தனித்தனியாகத் தேங்கும். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா என்று அளவு சரியாகவே போட்டிருந்தாலும் இது நடக்கும். அதே பெட்டியில் வேறு இரண்டு சோப்பின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்து நின்றதையும் பார்த்தேன். அப்புறம், அட்டையில் உள்ள தயாரிப்புத் தேதிக்கும் என் கைக்கு வந்த நாளுக்கும் நடுவே 12 நாள்தான் இருக்கிறது. நான்கிலிருந்து ஆறு வாரம் காயவைத்து அனுப்புவதாக உங்கள் அட்டையே சொல்கிறது. பண்டிகை ஆர்டர் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் காயவைக்கும் அந்த வாரங்களில் யாராவது ஒரு கட்டியை வெட்டிப் பார்த்திருந்தால் இது உங்கள் கூடத்தைத் தாண்டி வந்திருக்காது.

சோப்பில் தவறு வரலாம். என்னிடமும் இரண்டு முறை வந்து, முழு அச்சையும் வீணாக்கியிருக்கிறேன். எனக்குக் கோபம் உங்கள் பதிலில்தான்.

பெரியம்மா போன் செய்த அன்றே உங்களுக்குப் படத்தோடு வாட்ஸ்அப் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "இது சோடா ஆஷ். இயற்கைச் சோப்பின் அடையாளம். பயப்பட வேண்டாம்." சரி, படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போல என்று நினைத்து, வெட்டிய சோப்பின் படத்தையும், கசியும் பொட்டின் படத்தையும் அனுப்பினேன். அதே மூன்று வரி திரும்ப வந்தது. போனில் கூப்பிட்டேன். "கெமிக்கல் சோப்பில்தான் மேடம் இப்படி வராது" என்றார் பேசியவர். கை எரிச்சலுக்கு எலுமிச்சைச் சாறு தடவச் சொன்னார். எரிந்திருக்கும் தோலில் புளிப்பைத் தடவச் சொல்வது தவறு. காரம் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். பெரியம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். இப்போது பரவாயில்லை. வேறு யாராவது உங்கள் ஆள் சொன்னதைக் கேட்டிருந்தால்?

சோடா ஆஷ் இயற்கையின் முத்திரையும் இல்லை, அது இல்லாத சோப்பு கெமிக்கல் சோப்பும் இல்லை. கையாலேயே செய்கிற ஹாட் ப்ராசஸ் சோப்பில், அடுப்பில் வேகும்போதே காரம் தீர்ந்துவிடுவதால் ஆஷ் அனேகமாக வருவதில்லை. இதே ஊரில் அந்தக் காலத்து மைசூர் அரசு தொடங்கிய சோப்புத் தொழிற்சாலையின் சந்தன சோப்பில் நான் ஒருநாளும் ஆஷ் பார்த்ததில்லை. அதுவும் எண்ணெயும் காரமும் சேர்ந்து ஆனதுதான், உங்களுடையதும் அப்படியேதான். வாங்குகிறவருக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிற இந்த வாசகத்தை உங்கள் ஆட்கள் விட்டுவிட வேண்டும். கெடுதல் இல்லாத ஒன்றின் பெயரைக் கெடுதலான ஒன்றுக்கு வைத்தால், அடுத்த முறை உண்மையான ஆஷைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வெண்மையை ரசித்து வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு.

நான் கேட்பது இதுதான். அந்த பேட்ச் சோப்பு வாங்கிய ஒவ்வொருவருக்கும் இன்றே செய்தி அனுப்பி, பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எதுவும் இதற்கு அப்புறம்தான். பேட்ச் எண் அட்டையிலேயே இருப்பதால் ஆட்களைக் கண்டுபிடிப்பது உங்களுக்குக் கஷ்டம் இல்லை. நான் கொடுத்த 29 பேரிடமும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன், இதுவரை 22 பேரிடம் சொல்லியாகிவிட்டது. என் 7,200 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், மாற்றுச் சோப்பு வேண்டாம். இனி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன அட்டை வையுங்கள்: மேலே வெள்ளையாக இருப்பது என்ன, ஏன் வருகிறது, எப்படித் துடைப்பது, உள்ளே வெள்ளைப் பொட்டோ கசிவோ இருந்தால் தொடாமல் யாரைக் கூப்பிடுவது. நான்கு வரி போதும், தமிழிலும் கன்னடத்திலும் இருந்தால் நல்லது. இந்தப் புகாருக்குப் பயந்து ஆஷையே ஒழித்துக்கட்டி, பளபளப்பாகச் சீவி அனுப்பத் தொடங்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆன்லைனில் விற்கிறவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. உங்களை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் பேட்ச்சைத் திரும்ப எடுப்பது பற்றி இரண்டு நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அது மற்றவர்களின் கைகளுக்காக.

வெட்டிய நான்கு சோப்பையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, குழந்தைக்கு எட்டாத மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். கையுறை போட்ட ஆள் ஒருவரை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் அனுப்புங்கள். வெட்டுவாயில் வெளியே தெரியும் அந்தக் காரம், டப்பாவைத் திறந்து காற்றுப் பட வைத்தால் கொஞ்ச நாளில் நிஜமாகவே சோடா ஆஷ் ஆகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.

இணைப்பு: பில் நகல், பேட்ச் எண் தெரியும் அட்டையின் படம், வெட்டிய சோப்புகளின் ஆறு படங்கள்.